ரோமியோவும் அம்பிகாபதியும்

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ எனக்கு முதலில் அறிமுகமானது பிரெஞ்சில்தான். காதலுக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் நாடகம். நிதானமாகப் படித்தால் வேறு சில விஷயங்களும் தெரியும்.

ஜூலியட்டுக்கு 14 வயது நிரம்பவில்லை. ரோமியோ அந்த விருந்துக்குப் போனதே ரோசலின் என்ற வேறொரு பெண்ணைப் பார்க்கத்தான். ஞாயிறு இரவு சந்திப்பு, திங்களன்று கல்யாணம், அந்த வாரம் முடிவதற்குள் இருவரும் உயிரோடு இல்லை. ஷேக்ஸ்பியருக்கு மூலம் ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய கதைக்கவிதை. அதில் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 16 வயது, கதை நடப்பதும் பல மாதங்கள். ஷேக்ஸ்பியர் இரண்டையும் குறைத்துவிட்டார். பருவத்தின் அவசரம் அப்போதுதானே தெரியும்!

நம்மிடம் இருப்பது கம்பர் மகன் அம்பிகாபதி கதை. 1937இல் இதைப் படமாக எடுத்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், ரோமியோ ஜூலியட் காட்சிகளை வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னார். பாகவதரும் சந்தானலட்சுமியும் நடித்த படம் பிரமாதமாக ஓடியது.

எழுத்தர் வேலை பார்த்த என் கண்ணில் படுவது ஒன்று உண்டு. கொள்ளைநோய்க் காவலில் சிக்கிப் பாதிரியாரின் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தாள். அங்கே தபால் தவறியது, இங்கே கணக்கு தவறியது. ஆனால் உயிர் போனதற்கு அதுவா காரணம்? பெரியவர்களின் பகையும் அந்தஸ்தும் அல்லவா!

இது பழங்கதை மட்டுமல்ல. எங்கள் களமருதூருக்கு அதிகத் தூரமில்லாத விருத்தாசலம் பகுதியில், 2003இல் கண்ணகியும் முருகேசனும் சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பெண் வீட்டாரே இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021இல்.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பிள்ளைகளின் பிணத்தருகே இரண்டு தகப்பன்மாரும் கைகோத்து, தங்கச் சிலை வைப்பதாகச் சொல்கிறார்கள். சிலை யாருக்கு வேண்டும்? இளவயதுக் காதல் மயக்கமா, நிஜமா என்பது நாள்பட்டால் தானே தெரிந்துவிடும். அந்த நாட்களைக் கொடுப்பதுதான் நம்மைப் போன்ற பெரியவர்களின் வேலை.