ஆயுள் கணக்கு – 9: முதலாளி இல்லாத கம்பெனி

1956 ஜனவரி 19, வியாழக்கிழமை. எங்கள் சோலூரில் உறைபனி விழுகிற மாதம். காலையில் எழுந்தால் புல்மேடு முழுக்க உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருந்த என் தாத்தா அன்று சீக்கிரமே கம்பளிக்குள் புகுந்துவிட்டாராம். அவருடைய தகரப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில், நாலாக மடித்த ஒரு பாண்டு பத்திரம் இருந்தது. மேலே ‘பம்பாய் மியூச்சுவல்’ என்று கொட்டை எழுத்து. அவர் தூங்கிக்கொண்டிருந்த அந்த ராத்திரியில்தான் அந்தப் பத்திரத்தின் கதி மாறியது. அவருக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. ஊட்டி பஸ்ஸில் வந்த பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அந்த ராத்திரிக்கு வருமுன் போன வாரம் விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம்.

நாற்பத்தாறு வயதாகிவிட்டது, உமக்குப் பாலிசி கிடையாது என்று லண்டனில் ஒரு சங்கம் கதவைச் சாத்தியதும், கணித வாத்தியார் ஜேம்ஸ் டாட்சன் வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தாரே, நினைவிருக்கிறதா? வயதுக்குத் தக்க பிரிமியம் வாங்கினால் கிழவருக்கும் பாலிசி கொடுக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. கம்பெனி தொடங்கியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1757-ல் போய்விட்டார். 1762-ல் மற்றவர்கள் தொடங்கிய ‘ஈக்விடபிள்’ சங்கத்தில் பங்குதாரர் என்று ஒருவரும் கிடையாது. பாலிசி எடுத்தவரே உடைமையாளர். லாபம் வந்தாலும் அவருக்கு, நஷ்டம் வந்தாலும் அவர் தலையில்.

இது புரிய லண்டன் வரை போகவேண்டாம். எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் சேர்ந்து போடுகிற சீட்டே போதும். இருபது பேர் பணம், இருபது பேருக்கும் சொந்தம். சீட்டுக்கு முதலாளி கிடையாது. ஆனால் சீட்டு நோட்டு யாராவது ஒருத்தர் வீட்டு அலமாரியில்தானே இருக்கும்?

ஈக்விடபிளின் நோட்டு 1775 முதல் 1830 வரை, ஐம்பத்தைந்து வருஷம், வில்லியம் மார்கன் என்ற ஆக்சுவரியிடம், அதாவது ஆயுள் கணக்குப் போடுகிறவரிடம், இருந்தது. அவர் காலத்தில் சங்கத்தில் பணம் குவிந்தது. குவிந்த காரணம்தான் வேடிக்கை. பிரிமியம் போட அவர்கள் நம்பியது நார்த்தாம்ப்டன் என்ற ஊரின் சாவுக் கணக்கை. அந்த அட்டவணையைத் தயாரித்தவர் மார்கனின் தாய்மாமன் ரிச்சர்ட் பிரைஸ். தேவாலய ஞானஸ்நானப் பதிவை வைத்துப் பிறப்பை எண்ணினார். அந்த ஊரிலோ குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காத பிரிவினர் பலர். பதிவில் பிறப்பு குறைந்தது. அதனால் கணக்கில் ஆயுளும் குறைந்தது. காகிதத்தில் சீக்கிரம் செத்துக்கொண்டிருந்த மனிதர்கள் நிஜத்தில் நிதானமாக வாழ்ந்து பிரிமியம் கட்டிக்கொண்டிருந்தார்கள்!

பணத்தைப் பார்த்ததும் உறுப்பினர்கள் சும்மா இருப்பார்களா? எடு, பங்கு போடு என்று கூச்சல். மார்கன் அசையவில்லை. போனஸைப் பங்குபோடவே புதிது புதிதாகக் கூட்டம் சேர்ந்ததும், 1816-ல் ஒரு விதி வந்தது: பழைய 5,000 பாலிசிகளுக்கு மட்டும்தான் போனஸ், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியது. கஞ்சன் என்று திட்டியிருப்பார்கள். அந்த ஆள் மட்டும் இளகியிருந்தால் நம் கதை இத்தனை வாரம் ஓடியிருக்காது என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு வருவோம். 1818-ல் கல்கத்தாவில் ஓரியண்டல், 1829-ல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் என்று கம்பெனிகள் வந்தன. வெள்ளைக்காரர் உயிர்தான் அவற்றுக்கு உயிர். இந்தியனுக்குப் பாலிசி தந்தாலும் கூடுதல் பிரிமியம் கேட்டார்கள். அந்த வித்தியாசத்தை உடைத்து, இந்திய உயிருக்கும் சாதாரண விகிதம்தான் என்று வந்தது 1870-ல் பிறந்த பம்பாய் மியூச்சுவல். பெயரிலேயே பரஸ்பரம். இரண்டு வருஷம் கழித்து, 1872-ல், மயிலாப்பூரில் ‘இந்து பெர்மனன்ட் ஃபண்ட்’ தொடங்கினார்கள். அது இன்ஷூரன்ஸ் அல்ல, கடன் கொடுக்கும் நிதி. ஆனாலும் உறுப்பினரே உடைமையாளர் என்ற அதே புத்தி. பம்பாய் மியூச்சுவலின் கட்டடம் இன்றும் சென்னை பாரிமுனையில், என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கிறது. ஹைகோர்ட்டுக்குப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கலாம்.

எல்லாக் கம்பெனியும் பரஸ்பரக் கம்பெனி அல்ல. முதலாளி வைத்திருந்த கம்பெனிகளில் சில, பாலிசிதாரர் பணத்தைத் தங்கள் வீட்டுப் பெட்டியாக நினைத்தன. 1955 டிசம்பரில் லோக்சபாவில் ஃபெரோஸ் காந்தி எழுந்து, பாரத் இன்ஷூரன்ஸ் பணம் ராமகிருஷ்ண டால்மியாவின் மற்ற வியாபாரங்களுக்குள் எப்படிப் பாய்ந்தது என்று பிட்டுப்பிட்டு வைத்தார். இரண்டு கோடிக்கு மேல். டால்மியா பிறகு ஜெயிலுக்குப் போனார்.

ஆறே வாரத்தில் அந்த ஜனவரி 19. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் ரேடியோவில் பேசினார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் நிர்வாகம் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்கிறது. மசோதா அல்ல, அவசரச் சட்டம். மசோதா என்று சொல்லி மாதக்கணக்கில் விவாதித்தால் அதற்குள் பெட்டி காலியாகிவிடும் அல்லவா? இந்தியக் கம்பெனிகள் 154, வெளிநாட்டுக் கம்பெனிகள் 16, பிராவிடண்ட் சங்கங்கள் 75. ஆக 245, ஒரே ராத்திரியில்.

மவுண்ட் ரோட்டில் அப்போது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் கண்ட கனவு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். கனவு கண்டவர் இல்லை, இப்போது கம்பெனியும் இல்லை. 1959-ல் பதினாலு மாடியும் முடிந்து திறந்தபோது அதன் பெயர் எல்.ஐ.சி. பில்டிங்.

முதலாளி இருந்த கம்பெனிகளில் பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு. சரி. பங்குதாரரே இல்லாத பம்பாய் மியூச்சுவலில்? தவறு செய்யாத சீட்டையும் சேர்த்தல்லவா அள்ளிக்கொண்டார்கள்! அந்த நியாயத்தை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் புதிய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: உபரியில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் பாலிசிதாரருக்கே. மிச்சம்தான் அரசுக்கு. டாட்சனின் ஆவி டெல்லி வரை வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

1956 செப்டம்பர் 1. எல்.ஐ.சி. பிறந்தது, ஐந்து கோடி ரூபாய் அரசு மூலதனத்தில். தாத்தாவின் பாண்டும் அதற்குள் போய்விட்டது. சோலூரிலிருந்து கல்கத்தா வரை இருந்த சீட்டெல்லாம் ஒரே சீட்டு. நோட்டு இப்போது டெல்லியின் கையெட்டும் தூரத்தில்.

ரேடியோவில் பேசிய தேஷ்முக் அப்போது பதவியில் இல்லை. பம்பாய் மாநிலப் பிரச்சினையில் ராஜிநாமா செய்துவிட்டார். நிதியமைச்சர் நாற்காலிக்கு வந்தவர் நம் சென்னைக்காரர், வியாபாரம் தெரிந்த கெட்டிக்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

பத்தே மாதம். 1957 ஜூன். கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்று ஒருவர். பல்பு விற்று ஆரம்பித்து கம்பெனிகளை வாங்கிக் குவித்தவர். இப்போது கடனில் கழுத்தளவு. அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு. முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவில்லை.

வாங்கச் சொன்னது யார்?

டிசம்பர் 16. லோக்சபாவில் மறுபடியும் அதே மனிதர் எழுந்தார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அல்ல, ஆளுங்கட்சி வரிசையிலிருந்து. பிரதமரின் மருமகன். அவர் பேசப்பேச, நிதியமைச்சரின் பக்கம் எல்லோர் கண்ணும் திரும்பியது.

(தொடரும்)