வாளும் மண்வெட்டியும்

பாலக்கோடு பழைய தகடூர் நாட்டைச் சேர்ந்த ஊர். தகடூர் என்பதுதான் இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி என்றதும் நமக்கு ஔவையாரும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். அவன் ஒரு தகப்பன் என்பது நினைவுக்கு வருவதில்லை.

புறநானூற்றின் 100-ஆம் பாட்டில் ஔவையார் அந்தத் தகப்பனைக் காட்டுகிறார். மகன் பிறந்தான் என்று கேட்டுப் போர்க்கோலத்தோடு வந்து நிற்கிறான் அதியமான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்புத் தணியவில்லையாம்.

அந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தது. உயிரின்றிப் பிறக்கும் பிள்ளைக்கு அக்காலத்தில் என்ன செய்தார்கள்? 74-ஆம் பாட்டு விடை சொல்கிறது. பாடியவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்டவன். கேட்ட தண்ணீர் காலம் தாழ்த்தி வந்ததால் பருகாமல் உயிர் விட்டான் என்பது பழங்குறிப்பு. சாகும் வேளையில் அவன் முதலில் நினைத்தது ஓர் இறந்த குழந்தையை! பிள்ளை இறந்து பிறந்தாலும், உருவற்ற தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஓர் ஆளாகவே மதித்து வாளால் வெட்டிய பின்பே அடக்கம் செய்வது அவர்கள் குடி வழக்கமாம்.

கேட்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. அந்த வழக்கம் மீண்டும் வரவேண்டும் என்று யார் சொல்வார்? பாட்டு பேசுவதும் மானத்தையே, துயரத்தை அன்று. ஆயினும் அந்தக் கொடிய வாளுக்குள் ஒரு மதிப்பு இருந்தது. வந்தது நம் குடியில் ஒருவன் என்று அது ஒப்புக்கொண்டது.

வாள் போயிற்று, மதிப்பும் உடன் போயிற்று. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தீக்கடனும் நீர்க்கடனும் இல்லை என்பது மனுநூலின் விதி. நம் காலத்துச் சட்டம் என்ன சொல்கிறது? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறந்து பிறப்பதைப் ‘பிறப்பு’ என்ற சொல்லில் அடக்குகிறது. ‘இறப்பு’ என்ற சொல்லில் அடக்கவில்லை. உயிரோடு பிறந்து பிறகு உயிர் நீங்கினால்தான் அதன் கணக்கில் இறப்பு. புள்ளிவிவரம் எடுப்பவருக்கு இது பொருத்தமாக இருக்கலாம். தகப்பனுக்கு? சாவே நிகழாத வீட்டில் அவன் எதற்காக அழுவது?

ஆகவே அவன் அழுவதில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிறான். துணியில் சுற்றிய சிறு பொதியை வாங்கிக்கொள்கிறான். மண்வெட்டியோடு போய்க் குழி தோண்டுகிறான். திரும்பி வந்தால், “அவள் எப்படி இருக்கிறாள்?” என்று ஊர் கேட்கிறது. கேட்க வேண்டியதுதான், பத்து மாதம் சுமந்தவள் அவள். 2022-இல் மத்திய அரசு, குழந்தை இறந்து பிறந்தாலும் பிறந்தவுடன் இறந்தாலும் தன் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு அளித்தது. நல்ல செயல். அந்த ஆணை தாய்க்கு உரியது.

தகப்பனுக்கு அரசாணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குழி தோண்டிவிட்டு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “பிள்ளை யார் ஜாடையப்பா?” என்று கேளுங்கள். அந்த முகத்தைப் பார்த்தவர் மிகச் சிலர். அவர்களில் அவன் ஒருவன்.