கணு மரத்துக்குக் கட்டிய கச்சை
மைன் பல்கலைக்கழக மர ஆய்வு நிலையத்தின் வரலாறு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மைன் மாநிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் காடு. 19ஆம் நூற்றாண்டில் பாங்கர் நகரம் பேரெடுத்ததே மர அறுவையால்தான். பெனாப்ஸ்காட் ஆற்றில் மிதந்து வந்த தடிகள் அங்கே பலகையாகிக் கப்பலேறின. நெடிதுயர்ந்த பைன் மரங்களில் பெரும்பகுதியை அந்தக் காலமே வெட்டித் தீர்த்துவிட்டது. பின்வந்தவர்களுக்கு மிஞ்சியவற்றுள் ஹெம்லாக் போன்ற, சந்தையில் அவ்வளவாக மதிப்பில்லாத மரங்களும் உண்டு. பாலத்துக்கும் மண்டபத்துக்கும் ஒட்டு உத்தரம் செய்வோர் மேற்குக் கரையின் டக்ளஸ் ஃபரையோ தெற்கத்திப் பைனையோதான் தேடினார்கள்.

இந்த நிலைமையில், 1996இல், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு ஒரோனோ ஊரில் உள்ள மைன் பல்கலைக்கழகத்தில் மர ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதை நிறுவி வழிநடத்தியவர் சிவில் பொறியியல் பேராசிரியர் ஹபீப் டாகர். மட்டமான உள்ளூர் மரத்தை நம்பிக் கட்டடம் எழுப்ப முடியுமா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

பலகைகளை அடுக்கி ஒட்டி உத்தரம் செய்யும் முறை புதிதன்று. ஜெர்மனியின் வைமர் நகரத்து ஓட்டோ ஹெட்ஸர் 1906இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். சுமை ஏறும்போது உத்தரத்தின் மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். நசுக்கலை மரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; இழுப்பைப் பொறுக்காது. அடிப்பலகையில் ஒரு கணு இருந்தால் போதும், அங்கேதான் முதல் வெடிப்பு. ஆகவே உத்தரம் முழுவதற்கும் உயர்ந்த மரம் தேட வேண்டியதில்லை, அடிப்பக்கத்தைக் காப்பாற்றினால் போதும் என்று ஒரோனோ ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ரெசினில் தோய்த்த கண்ணாடி இழைப் பட்டையை அங்கே ஒட்டினார்கள். கன அளவில் ஏறத்தாழ 3 சதவீத இழை சேர்த்தால் வலிமை 50 சதவீதத்துக்கும் மேல் கூடும் என்று சோதனைகள் காட்டின.

வலிமை கூடியதைவிட, உத்தரம் உடையும் விதம் மாறியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சாதாரண ஒட்டு உத்தரத்தை அழுத்தும் இயந்திரத்தில் வைத்துச் சுமை ஏற்றினால் கடைசி வரை சாதுவாக இருந்துவிட்டு, ஒரு கணுவிலோ, பலகைகளை நீளவாக்கில் சேர்க்கும் விரல் இணைப்பிலோ படீரென்று பிளக்கும். போதிய பட்டை ஒட்டியது அப்படியல்ல. மேல்பலகையில் நார்கள் நசுங்கிக் குறுக்கே சுருக்கம் விழும். உத்தரம் கண்ணுக்குத் தெரியத் தொய்யும். அதன் பிறகே உடையும். கீழே நிற்பவனுக்கு விலக நேரம் கிடைக்கிறது.

குறைகளும் இருந்தன. வலிமை கூடிய அளவுக்கு விறைப்பு கூடுவதில்லை. தொய்வு வரம்பே அளவைத் தீர்மானிக்கும் நீண்ட உத்தரங்களில் ஆதாயம் குறைவு. பசையும் படாத பாடு படுத்தியது. மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். கண்ணாடி இழை அசையாது. இடையில் மாட்டிக்கொள்வது பசைதான். நனைத்து, உலர்த்தி, மீண்டும் நனைத்துப் பட்டை உரிகிறதா என்று பார்ப்பது இந்தத் துறையில் தினசரி வேலை.

இதே யுக்தியைச் சுவர்ப் பலகைக்கும் கொண்டுபோனார்கள். மரச் சீவல்களை ஒட்டி அழுத்திய ஓ.எஸ்.பி. பலகை, புயலிலும் நிலநடுக்கத்திலும் பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. ஆணி ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். பலகையின் நான்கு ஓரங்களிலும் இழைப் பட்டை வைத்து அந்தக் கிழிசலைத் தடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை.

பிற்காலத்தில் நிலையத்தின் பெயரிலிருந்து மரம் என்ற சொல்லே போய்விட்டது. 2008இல் பிட்ஸ்ஃபீல்டில் இழைக்குழாய்களில் கான்கிரீட் நிரப்பிய வளைவுப் பாலம், 2013இல் கடலில் மிதந்த காற்றாலை, 2019இல் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட 25 அடிப் படகு, மூன்று கின்னஸ் சாதனைகள் என்று பரப்பு விரிந்தது. 2022இல் மரம் திரும்பி வந்தது: மர இழையையும் தாவர ரெசினையும் கலந்து, தரை, சுவர், கூரை அனைத்தையும் அச்சிட்ட 600 சதுர அடி வீடு.

பத்திரிகைகள் படகையும் வீட்டையும் படம் பிடித்தன. பொறியாளர்களுக்கு உதவியது வேறொன்று. இழை சேர்த்த ஒட்டு உத்தரத்தின் வலிமையைக் கணக்கிட, பொருள்களுக்குத் தரம் வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு டி7199 என்ற நெறிமுறையை வெளியிட்டது. நெறிமுறை இல்லாத பொருளை எந்த வடிவமைப்பாளரும் வரைபடத்தில் எழுதிக் கையெழுத்திட மாட்டார். அந்த நெறிமுறை உருவானதில் இந்நிலையத்துக்குப் பங்கு உண்டு. என் கணக்கில் கின்னஸ் சான்றிதழ்கள் அதற்குப் பிறகுதான்.