முகவாதமும் முகநரம்புக் காயமும்: தமிழக மறுசீரமைப்பு அறுவையின் வரலாற்றுப் பின்னணி

ஆய்வுச் சுருக்கம்

அறுவை சிகிச்சையின்போது முகநரம்பு சிதைவதால் ஏற்படும் முகக்கோணலுக்கு இன்று பல சிகிச்சை முறைகள் உள்ளன. அவற்றுள் முதன்மையான தசைமாற்று முறை தமிழகத்தில் தொழுநோயாளர் மறுவாழ்வுப் பணியின் ஒரு பகுதியாக வளர்ந்தது என்பதையும், ‘முகவாதம்’ என்னும் பொதுச்சொல் நோயின் காரணத்தை மறைக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முகநரம்பு, முகவாதம், தொழுநோய், தசைமாற்று அறுவை, வேலூர், கரிகிரி.

முன்னுரை

வாத நோய்களை எண்பதாக வகுப்பது சித்த மருத்துவ மரபு. அம்மரபின் வழிவந்த ‘முகவாதம்’ என்ற சொல்லே முகம் ஒருபுறம் கோணும் எல்லா நிலைகளுக்கும் மக்கள் வழக்கில் நின்றுவிட்டது. முகத்தசைகளை இயக்குவது ஏழாம் கபால நரம்பே என்பதை 1821இல் சார்லஸ் பெல் இலண்டனில் விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் முகவாதம் பெரும்பாலும் தானே குணமாவது. காதருகு உமிழ்நீர்ச் சுரப்பியிலோ நடுச்செவியிலோ செய்யப்படும் அறுவையில் துண்டிக்கப்பட்ட நரம்பு அவ்வாறு தானே கூடுவதில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்று, முடிவு வேறு.

வேலூரும் கரிகிரியும்

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் கைவிரல்கள் மடங்குவது தசை அழுகலால் அன்று, நரம்புச் செயலிழப்பால் என்று கண்டு, தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் நிறுவப்பட்ட தொழுநோய் ஆய்வு நிலையம் இப்பணிக்குத் துணைநின்றது.

தொழுநோய் முகநரம்பின் கிளைகளையும் தாக்கும். இமை மூடாமற்போய்க் கருவிழி வறண்டு புண்ணாகிப் பார்வையே பறிபோகக்கூடும். இதற்குத் தீர்வாக அமைந்தது நெற்றிப்பொட்டில் உள்ள மெல்லும் தசையை (டெம்போராலிஸ்) இமைக்கு மாற்றும் அறுவை. இங்கிலாந்தில் ஹெரால்டு கில்லீஸ் 1934இல் விவரித்த இம்முறை, பின்னர்த் தொழுநோயாளர்க்கேற்பத் திருத்தப்பட்டது. அத்தசையை இயக்குவது ஐந்தாம் கபால நரம்பு. ஆதலால் ஏழாம் நரம்பு அழிந்தாலும் அது பிழைத்திருக்கும். அறுவைக்குப்பின் நோயாளி பல்லைக் கடித்தால் இமை மூடும். இப்புதிய இயக்கத்தைப் பயிற்சியால் பழக்கப்படுத்துவது இயன்முறை மருத்துவரின் பணியாயிற்று.

காலமும் தெரிவும்

இன்றைய சிகிச்சைத் தெரிவைக் காலமே வரையறுக்கிறது. நரம்பு அறுபட்டது உடனே தெரிந்தால் முனைகளை நேரடியாகத் தைப்பது முதல்வழி. இடைவெளி இருப்பின் கெண்டைக்கால் நரம்பையோ கழுத்து நரம்பையோ ஒட்டுவர். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே வளரும், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தபின் தசை நலிவதால் இவ்வழியின் பயன் குறைகிறது. நரம்பின் அண்மைமுனை கிட்டாவிடின், தசை உயிர்ப்புடன் உள்ள காலத்திலேயே நாக்கு நரம்பையோ மெல்லும் தசை நரம்பையோ இணைக்கலாம். நலமான மறுபக்க நரம்பிலிருந்து ஒட்டு கொண்டுவரும் முறை 1970களின் தொடக்கத்தில் உருவானது.

காலங்கடந்தவர்க்கு உள்தொடைத் தசையை (கிராசிலிஸ்) இரத்தக்குழாயுடன் முகத்திற்கு மாற்றலாம். 1976இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹாரீயும் அவர்தம் குழுவினரும் இதனை வெளியிட்டனர். பெரிய அறுவையைத் தாங்கவியலாதவர்க்குத் தொடைச் சவ்வால் வாய்க்கோணத்தை உயர்த்திக் கட்டுதல், மேலிமையில் தங்க எடை பொருத்துதல் ஆகியன உதவும். நரம்பு தவறான தசையை அடைந்து, சிரிக்கும்போது கண்ணும் மூடிக்கொள்ளும் நிலைக்குப் போட்டுலினம் ஊசியும் பயிற்சியும் பயன்படும்.

குன்னத்தூர்ச் சூழல்

திருப்பூர் மாவட்டம் குன்னத்தூர் பின்னலாடைத் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்தது. பஞ்சுத்தூசு பறக்கும் கூடத்தில் மூடாத இமையுடன் தையல் எந்திரத்தின்முன் அமர்வது அழகு சார்ந்த குறையன்று. கண்ணுக்கும் பிழைப்புக்கும் நேரும் இடர். அறுவைக்குப்பின் முகம் கோணியவரிடம் ‘முகவாதந்தான், தானே சரியாகும்’ என்று உற்றார் தேற்றுவது அன்பின்பாற்பட்டது. ஆயினும் நரம்பு அறுபட்டிருந்தால், அச்சொல்லை நம்பிக் கழியும் மாதங்கள் நரம்பொட்டுக்குரிய காலத்தையே விழுங்கிவிடும்.

முடிவுரை

தொழுநோயாளரை ஊர் ஒதுக்கிவைத்த காலத்தில் அவர்தம் இமையை மூடச்செய்யும் அறுவை வேலூர் மண்ணில் வேரூன்றியது. அவ்வனுபவம் உணர்த்தும் பாடங்கள் இரண்டு: முகத்தைச் சீரமைப்பதன் முதல்நோக்கம் கண்ணைக் காப்பது, காரணத்தைச் சரியாக அறிவதே சிகிச்சையின் தொடக்கம். ஆகவே ‘அறுவைவழி முகநரம்புக் காயம்’ என்பதனை முகவாதத்தினின்று பிரித்து வழங்குவது தமிழ் மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தின் உடனடிக் கடமையாகும்.