படகு ஏன் கவிழ்கிறது?

மிதப்பது வேறு, நிமிர்ந்து நிற்பது வேறு. படகு வடிவமைப்பில் நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்.

தன் எடைக்குச் சமமான நீரை விலக்கினால் படகு மிதக்கும். அது ஒருபக்கம் சரியும்போது, நீர் மேல்நோக்கித் தள்ளும் இடமும் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. அகலமான படகில் இந்த நகர்வு அதிகம். பாரம் மிக உயரத்தில் இருந்தால், படகு நிமிராமல் கவிழ்ந்துவிடும்.

சுவீடனின் வாசா போர்க்கப்பல் இதற்குச் சான்று. 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள், உடலோ ஒடுக்கம். புறப்படுமுன் 30 பேரைத் தளத்தில் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆபத்தாக ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டொக்ஹோமில் சுமார் 1,300 மீற்றர் சென்றதும் காற்றில் சரிந்தது. திறந்திருந்த பீரங்கி வாசல்களால் நீர் புகுந்து மூழ்கியது. 1961இல் மீட்கப்பட்ட அதை அங்குள்ள அருங்காட்சியகத்தில் காணலாம்.

நெரிசலான வள்ளத்தில் "எழும்பாதேங்கோ, இருங்கோ" என்று ஓட்டி சத்தமிடுவதும் இதனால்தான். எழும்பும் ஒவ்வொருவரும் பாரத்தை மேலே ஏற்றுகிறார். கரையைக் கண்டு எல்லோரும் ஒரே பக்கம் எழும்பினால், கடல் அமைதியாக இருந்தாலும் வள்ளம் கவிழும். ஏரியில் படகோட்டப் போகும் எம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைப்போம்.