அஞ்சு மணியை யார் வச்சது? ஒரு மீன்பிடித் துறையின் கடிகாரம்

பாஞ்சாலங்குறிச்சி என்றாலே எல்லோரும் கோட்டையைப் பற்றித்தான் எழுதுவார்கள். அந்தக் கோட்டைமேட்டிலிருந்து கிழக்கே போனால் இருபது கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும் என்பது பெரும்பாலும் பேச்சில் வராது. எங்கள் கரிசல் பக்கத்துப் பேச்சில் மழை உண்டு, மேகாத்து உண்டு, பருத்தி விலை உண்டு. கடல் கிடையாது. இத்தனைக்கும் தருவைகுளம் என்கிற மீன்பிடித் துறை, பாஞ்சாலங்குறிச்சி இருக்கிற அதே ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில்தான் இருக்கு.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்தக் கரிசல் ரெண்டு தடவை கடலைத் தொட்டிருக்கிறது. 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பின பிறகு, அவருடைய ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1906-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஒன்று சண்டை, இன்னொன்று கப்பல். ரெண்டிலும் மீன் இல்லை, மீன் பிடிக்கிறவங்களும் இல்லை. அதனால் அவங்க பக்கத்திலிருந்து ஒரு நாளைப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்பு.

நான் பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்குத் தானாக ஓடுகிற ஒரு வேலையைப் பார்த்தால் முதல் கேள்வி, "இந்த ரெண்டு மணியை யார் வச்சது, ஏன்?" என்பதுதான். பெரும்பாலும் பழைய சண்டை ஏதாவது ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலும் அப்படி ரெண்டு நேரம் இருக்கு. இழுவைப் படகுகள் காலை 5 மணிக்கு மேல்தான் கிளம்பலாம். இரவு 9 மணிக்குள் கரை திரும்பிவிடணும். மீனுக்குக் கடிகாரம் தெரியாது. அப்புறம் இந்த 5-ம் 9-ம் எங்கிருந்து வந்தது?

காற்று வைத்த நேரம்

இன்ஜின் வருகிறதுக்கு முன்னாடி நேரத்தை வைத்தது காற்று. ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிரும், கடல் மெதுவாகக் குளிரும். அதனால் விடியப்போகிற நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். மத்தியானத்துக்கு மேல் திரும்பிக் கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசும். பாய் கட்டின வள்ளமும் கட்டுமரமும் இருட்டோடு போய்ப் பொழுது சாயத் திரும்பியதற்குக் காரணம் இதுதான். போகிறதும் வருகிறதும் காற்றின் செலவு.

இதற்கு மேல் வருஷக் காற்று இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வாடை. ஆனி, ஆடியில் கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. இதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கடற்கரைக்காரங்க கச்சான் என்கிறதும் எங்கள் ஊரில் மேகாத்து என்கிறதும் ஒரே காற்று. மலைக் கணவாய் வழியாக நுழைந்து, கரிசலில் புழுதி கிளப்பிவிட்டு, நேராகக் கடலில் போய் இறங்குகிறது. எங்களுக்கு அது மழையைக் கலைக்கிற காற்று. அவங்களுக்குப் படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. பாய் மட்டுமே இருந்த காலத்தில் கச்சானுக்கு எதிரே கரை சேர்வது பெரும்பாடு.

சண்டை வைத்த நேரம்

1952-ல் நார்வே அரசோடு ஒப்பந்தம் போட்டுக் கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் ஒரு மீன்வளத் திட்டம் தொடங்கினாங்க. இந்தியக் கடற்கரையில் இன்ஜின் படகு பரவினதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1953-ல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் ஏற்றுமதி ஆரம்பம். இறால் கடலடியில் கிடக்கும். அதை எடுக்க அடியைத் துழாவுகிற இழுவை மடி வேணும். மடியை இழுக்க இன்ஜின் வேணும். இறாலுக்கு வெளிநாட்டில் டாலர் கிடைக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததும் 1960-களில் இழுவைப் படகு தமிழ்நாட்டுக் கரையிலும் பெருகியது.

இன்ஜின் வந்ததும் காற்றின் கடிகாரம் செல்லாமல் போச்சு. எப்ப வேணும்னாலும் போகலாம், வரலாம். சிக்கல் இங்கேதான். இறால் அதிகம் கிடைக்கிறது கரையை ஒட்டின ஆழம் குறைந்த கடலில். கட்டுமரக்காரங்களும் வள்ளக்காரங்களும் வலை விடுகிற இடமும் அதே கடல். ராத்திரி வலையை விட்டுவிட்டு விடியக்காலம் எடுக்கக் காத்திருப்பாங்க. இருட்டில் ஒரு இழுவைப் படகு அதன் மேல் ஓடினால் வலை அறுந்து போகும். ஒரு வலை என்பது ஒரு குடும்பத்தின் மொத்த முதலீடு. 1970-களில் இந்தச் சண்டை பல மாநிலங்களில் அடிதடி, தீவைப்பு, உயிர்ச்சேதம் வரைக்கும் போச்சு. 1976-ல் மத்திய அரசு இதற்காகவே ஒரு குழு போட்டது. 1980-ல் கேரளமும் 1983-ல் தமிழ்நாடும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தன.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் ரெண்டு கோடு விழுந்தது. ஒன்று இடத்தில்: கரையிலிருந்து 3 கடல்மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், சிறு மீனவர்களுக்கு. இன்னொன்று நேரத்தில்: காலை 5, இரவு 9. பகல் இழுவைக்காரனுக்கு, இருட்டு வலைக்காரனுக்கு. ஆக அந்த 5 மணி மீன் கிடைக்கிற நேரம் இல்லை. ரெண்டு தரப்பும் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படாமல் இருக்க எழுதின ஒப்பந்தம்.

ஒன்பது மணி ஏலம்

காலை 5 மணிக்குப் போன படகில் பகல் முழுக்க ஒரே வேலைதான். மடியை விடணும், ரெண்டு மூன்று மணி நேரம் இழுக்கணும், தூக்கிக் கொட்டணும், இனம் பிரிக்கணும், மறுபடி விடணும். இறாலும் கணவாயும் ஐஸ் பெட்டிக்குப் போகும். விளை, பாறை, ஊளி, நண்டு தனித்தனியாகப் போகும். எதிலும் சேராத பொடிசுகள் கழிவு மீன். அது காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும். அந்தக் குவியலில் வளர்ந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் குஞ்சுகளும் கிடக்கும்.

பொழுது சாய்ந்ததும் துறைமுகம் விழித்துக்கொள்ளும். படகு அணைந்ததும் கூடைகள் இறங்கும், கூறு போடுவாங்க, ஏலம் ஆரம்பிக்கும். ஏலக்காரர் வெறும் ஏலம் கூறுகிறவர் இல்லை. பல துறைகளில் படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்தவரும் அவர்தான். முன்பணம் வாங்கினவர் மீனை அவரிடம்தான் இறக்கணும். கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். அதிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சம் படகுக்கும் தொழிலாளிகளுக்கும் பங்காகும்.

எங்கள் பக்கம் பருத்தியோ மிளகாயோ போட்டவங்களுக்கு இது புதுசாக இருக்காது. விதைக்கிறப்பவே கமிஷன் கடையில் முன்பணம், விளைந்ததும் அதே கடையில் எடை. வித்தியாசம், எங்களுக்கு இது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். அவங்களுக்கு ஒவ்வொரு ராத்திரியும் நடக்கும். பருத்தியை விலை ஏறட்டும் என்று நாலு நாள் வைத்துப் பார்க்கலாம். மீனை வைக்க முடியாது. இரவு 9 மணிக்கு எல்லாப் படகும் ஒன்றாக வந்து நிற்கிறபோது, யாருக்கு அவசரம், யாருக்குப் பொறுமை என்பதை வைத்துத்தான் விலை நிற்கிறது.

இந்த அவசரத்தைக் கொஞ்சம் தணிப்பது ஐஸ். ஐஸ் வருகிறதுக்கு முன்னாடி அந்த வேலையை உப்பு செய்தது. பிரிட்டிஷ் அரசு உப்புக்குப் போட்ட வரியால் மீன் உப்புப் போடுகிறதே கட்டுப்படியாகாமல் போக, 1880-களில் சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் பதனிடும் கூடங்கள் அமைத்து வரியில்லாத உப்பு கொடுத்தாங்க. எங்கள் ஆச்சி காலத்தில் கடற்கரையிலிருந்து கருவாட்டுக் கூடையோடு பெண்கள் கரிசல் கிராமங்களுக்கு வருவாங்களாம். கம்பும் சோளமும் கொடுத்துக் கருவாடு வாங்கியிருக்கிறார்கள். கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்தக் கூடையில்தான்.

தருவைகுளத்தின் கணக்கு வேறு

தூத்துக்குடியிலிருந்து கொஞ்சம் வடக்கே தருவைகுளம். அங்கே விசைப்படகுகள் உண்டு, ஆனால் இழுவை மடி கிடையாது. எல்லாம் செவுள் வலை, வழிவலை என்பாங்க. பொழுது சாய நடுக்கடலில் வலையை விட்டு அதோடு மிதந்து போவாங்க, விடிகிறதுக்குள் இழுத்து ஏற்றுவாங்க. வலைக் கண்ணுக்குத் தகுந்த மீன்தான் செவுளில் மாட்டும். பொடிசு தப்பித்துப் போயிடும். சூரை, சீலா, மயில்மீன் மாதிரி மேலாக நீந்துகிற பெரிய மீன்கள்தான் இலக்கு. நிலா வெளிச்சம் அதிகமாக இருந்தால் மீன் வலையைப் பார்த்து விலகும் என்பதால் இவங்க நாட்காட்டியில் அமாவாசைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

கடலடியைச் சுரண்டாத தொழில், குஞ்சை அள்ளாத தொழில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டின கடலை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினது எதைக் காப்பாற்றவோ, அதை இந்தத் துறை தன் வலையிலேயே காப்பாற்றுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கு. சூரையும் சீலாவும் கூட்டமாக ஓடுகிற மீன். அதைத் தேடித் தூரம் போகணும். ஒரு நாள் வேலை பல நாள் வேலையாகும். தூத்துக்குடி இழுவைப் படகின் கடிகாரம் மணிக்கணக்கு. தருவைகுளத்துப் படகின் கடிகாரம் நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. அத்தனை நாளுக்கும் டீசலும் ஐசும் அரிசியும் முன்னாடியே கடனில் ஏற்றியாகணும். அதனால் மீன் இல்லாமல் திரும்புவது சுலபமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்று தோணும்.

அந்தக் கொஞ்சம் தள்ளி ஒரு கோடு இருக்கு. 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடிக் கரைக்கு அதைவிட முக்கியம் 1976. அந்த வருஷம்தான் மன்னார் வளைகுடாவில் இந்தியா–இலங்கை எல்லை வரையப்பட்டது. அதே வருஷம் மாலத்தீவோடும் எல்லை முடிவாச்சு. தண்ணீரில் வேலி கிடையாது. மிதக்கிற வலை நீரோட்டத்தோடு போகும், படகும் அதோடு போகும். 2023 அக்டோபரில் தருவைகுளத்து மீனவர்கள் 12 பேரை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. அவர்கள் போன படகுக்கு நம்ம பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். 2024 ஆகஸ்டில் ரெண்டு படகுகளையும் 22 பேரையும் இலங்கைக் கடற்படை பிடித்தது. ஒரு படகுக்காரர் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தாலும் கட்ட முடியாத தொகையை அபராதம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அது படகைப் பறிப்பதுதான்.

எல்லை மீறுவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. மாலத்தீவில் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகச் சூரை பிடிப்பதுதான் வழக்கம். வலையோடு வருகிற வெளிப் படகு அவங்களுக்கு, நம்ம கட்டுமரக்காரனுக்கு இழுவைப் படகு தெரிந்த மாதிரியேதான் தெரியும். ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்கணும். கரைக்கடலைத் துழாவுகிறவர் ராத்திரி 9 மணிக்கு வீட்டுக்கு வருகிறார். கடலைக் கெடுக்காத வலையை வைத்திருக்கிறவர் அந்நியச் சிறைக்குப் பக்கத்தில் தொழில் செய்கிறார்.

61 நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கினது, 2017-ல் 61 நாளாச்சு. மீன் இனப்பெருக்கத்துக்காக. அந்த நாட்களில் விசைப்படகுகள் எல்லாம் கரையில். மரவேலை, பெயின்ட், இன்ஜின் பழுது, வலை முடிகிறது என்று துறை முழுக்கப் பட்டறை மாதிரி இருக்கும். இதே நாட்களில்தான் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழா வரும். கரிசல் நிலமும் அப்போது வெடித்துக் காய்ந்து சும்மாதான் கிடக்கும். இருபது கிலோமீட்டர் இடைவெளியில் ரெண்டு தொழிலும் ஒரே நேரத்தில் காத்திருக்கிறது.

தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023-ல் அறிவித்தார்கள். 61 நாளால் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். இதில் இழுவை மடிக்கும் வழிவலைக்கும் வித்தியாசம் கிடையாது. ரெண்டுக்கும் அதே 61 நாள், அதே நிவாரணம். 1983-ல் ஒரு சண்டையை நிறுத்த 5 மணி, 9 மணி என்று எழுத முடிந்தது. நல்ல வலை வைத்திருக்கிறவனுக்கு ஒரு சலுகை என்று அதே சட்டத்தில் எழுதுவது அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மீன் வாங்குகிறப்ப "எப்ப பிடிச்சது?" என்று கேட்பது நம்ம வழக்கம். கூடவே "எந்த வலையில பிடிச்சது?" என்றும் கேட்டுப் பாருங்க. விற்கிறவங்களுக்குப் பெரும்பாலும் பதில் தெரியும். அடுத்த குறிப்பு உப்பளம் பற்றி.