பல்கலைக்கழக விடுதிச் செலவு: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்னும் மடல் ஓர் எளிய குடும்பத்துக்கு வந்து சேரும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள். அம்மகிழ்ச்சி அடங்குவதற்குள் மடலின் அடுத்த பக்கம் கண்ணிற்படும். பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், அறை வாடகை, உணவுச் செலவு என்று அப்பக்கம் நீண்டு செல்லும். தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர் பலரும் இதன் பின் நிகழும் காட்சியை அறிவர். மகனின் தேர்ச்சியைச் சொல்ல வந்த தந்தை, சொல்லி முடித்த பின்னும் எழுந்து செல்லாமல் தயங்கி அமர்ந்திருப்பார். பிள்ளை என்ன படிக்கப் போகிறான் என்பது பற்றி அவருக்கு ஐயமில்லை. அவன் எங்கே தங்குவான், என்ன உண்பான், அதற்கு மாதந்தோறும் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதே அவர் நெஞ்சை அரிக்கும் கவலை.

இக்கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பல்கலைக்கழகம் என்னும் அமைப்போடு உடன்பிறந்தது. ஊர் விட்டு ஊர் சென்று கற்பவனுக்குக் கூரையும் சோறும் வேண்டும். அவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கண்டது. அவ்விடைகளை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரை நடுவாக வைத்து ஆராய்வது நமக்குப் பயன் தரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் காணும் பல்கலைக்கழக விடுதி முறை பெரிதும் அந்நாட்டு மரபைத் தழுவி அமைந்ததாகும்.

வாடகையால் விளைந்த வழக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் மாணவர் விடுதி என்று தனியாக எதுவும் இல்லை. கற்க வந்தோர் நகர மக்களின் வீடுகளை வாடகைக்கு எடுத்துக் கூடித் தங்கினர். மாணவர் தொகை பெருகப் பெருக வாடகையும் பெருகியது. வீட்டுக்காரருக்கும் மாணவருக்கும் இடையே பகையும் வளர்ந்தது.

1209 ஆம் ஆண்டில் ஒரு மாணவனால் பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவன் தப்பியோடினான். சினங்கொண்ட நகரத்தார் அவனோடு ஒரே வாடகை வீட்டில் தங்கியிருந்த மாணவர்களைப் பிடித்தனர். அவர்களுள் சிலரைத் தூக்கிலிட்டனர். குற்றத்தில் பங்கில்லாதவர், செலவு கருதி ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காரணத்தால் உயிரிழந்தனர். அச்சமும் வெறுப்பும் கொண்ட ஆசிரியர்களும் மாணவர்களும் நகரைவிட்டு வெளியேறினர். அவர்களுள் ஒரு சாரார் சென்று சேர்ந்த இடமே கேம்பிரிட்ஜ்.

மாணவர் நீங்கியதும் ஆக்ஸ்போர்டு நகரத்தின் வருவாய் குன்றியது. 1214 இல் போப்பாண்டவரின் தூதர் நிக்கோலஸ் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. முன்னர் மதிப்பிடப்பட்டிருந்த மாணவர் வீடுகளின் வாடகையில் பாதியைப் பத்தாண்டுகளுக்குத் தள்ளுபடி செய்தல் வேண்டும். புதிய வீடுகளின் வாடகையை ஆசிரியர் நால்வரும் நகரத்தார் நால்வரும் கூடி உறுதி செய்தல் வேண்டும். ஏழை மாணவருக்காக நகரம் ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்துவதோடு, புனித நிக்கோலஸ் திருநாளன்று 100 ஏழை மாணவருக்கு ரொட்டி, பார்லி மது, கஞ்சி, மீன் அல்லது இறைச்சி ஆகியவற்றுடன் உணவளித்தல் வேண்டும். உணவுப் பொருள்களையும் நேரிய விலைக்கே விற்றல் வேண்டும்.

இவ்வுடன்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் தொடக்ககால ஆவணங்களுள் தலையாய இது, பாடத்தைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ மிகுதியாகப் பேசவில்லை; வாடகையையும் உணவையும் பற்றியே பேசுகிறது. 1231 இல் மூன்றாம் ஹென்றி மன்னர் கேம்பிரிட்ஜுக்கும் இத்தகைய ஆணையை விடுத்தார். ஆசிரியர் இருவரும் நகரத்தார் இருவரும் வாடகையை மதிப்பிட வேண்டும் என்பது அவ்வாணை. மாணவர் தங்குமிடத்தின் வாடகையைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிடலாகாது என்னும் கருத்து அந்நாளிலேயே வேரூன்றிவிட்டது.

புத்தகத்தை அடகு வைத்த மாணவர்

நகரம் செலுத்திய 52 ஷில்லிங் பின்னர் ஒரு புதிய ஏற்பாட்டுக்கு வித்தாயிற்று. 1240 இல் லிங்கன் ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் அத்தொகையைக் கொண்டு ஒரு கடன் பெட்டியை ஏற்படுத்தினார். புனித ஃபிரைட்ஸ்வைட் மடத்தில் வைக்கப்பட்ட அப்பெட்டியிலிருந்து ஏழை மாணவர் வட்டியின்றிக் கடன் பெறலாம். ஆனால் கடனுக்கு ஈடாக ஏதேனும் ஒரு பொருளை வைத்தல் வேண்டும். குறித்த காலத்துக்குள் மீட்காவிடில் அப்பொருள் விற்கப்படும்.

மாணவனிடம் விலைமதிப்புள்ள பொருளாக இருந்தது பெரும்பாலும் புத்தகமே. அச்சுக்கலை ஐரோப்பாவுக்கு வராத அக்காலத்தில் கையெழுத்துப் படியொன்று பெருஞ்செல்வம். உண்பதற்கும் உறைவதற்கும் வேண்டிய பணத்துக்காக, எதைக் கற்க வந்தானோ அந்நூலையே பெட்டியில் வைத்துவிட்டுப் போனவர் பலர். கடன் வட்டியற்றது என்பதால் அஃது அறமே. ஆயினும் அவ்வறத்தின் சுமை கற்பவனின் தோளின் மீதே விழுந்தது. இன்றைய கல்விக் கடன் திட்டங்களை எண்ணும்போது இப்பழைய பெட்டியையும் நாம் நினைவிற் கொள்ளுதல் நலம்.

அறக்கட்டளைகளின் தோற்றம்

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு வழி பிறந்தது. செல்வர் சிலர் நிலத்தையும் பணத்தையும் நிலையான அறமாக எழுதி வைத்தனர். 1264 இல் வால்ட்டர் டி மெர்ட்டன் தம் ஊர்களின் வருவாயைக் கொண்டு மெர்ட்டன் கல்லூரியை நிறுவினார். இவ்வாறு உழவர் உழுத நிலத்தின் விளைச்சல் மாணவர் உண்ணும் உணவாக மாறியது. கல்லூரி என்னும் சொல்லுக்கு அந்நாளில் வகுப்பறை என்பது முதற்பொருளன்று. அறத்தின் துணையால் சிலர் கூடி வாழும் இல்லம் என்பதே பொருள்.

ஜான் டி பேலியோல் ஏறத்தாழ 1263 இல் தொடங்கிய இல்லத்தில் தங்கிய மாணவர் ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் 8 பென்ஸ் உணவுப்படி அளிக்கப்பட்டது. 12 பென்ஸ் கொண்டது ஒரு ஷில்லிங் என்பதை நோக்க, இது சிறிய தொகையே. அவர் மறைந்த பின் அவருடைய துணைவியார் டெர்வோர்குல்லா 1282 இல் அவ்வில்லத்துக்கு விதிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று நம் உள்ளத்தைத் தொடுவது. வசதி படைத்த மாணவர் அளவோடு வாழ வேண்டும். அவர்களின் தாராளச் செலவால் ஏழை மாணவருக்குச் சுமை நேரலாகாது என்பது அவ்விதியின் கருத்து. ஒரே மேசையில் உண்போரிடையே ஒருவரின் ஆடம்பரம் மற்றொருவரின் கடனாக மாறும் என்பதை அவ்வம்மையார் 700 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

எனினும் கல்லூரிகளின் அறத்தால் பயன்பெற்றோர் சிலரே. பெரும்பாலோர் ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு எடுத்து நடத்திய இல்லங்களில் தங்கினர். அறைக்கு வாடகையும் உணவுக்கு வாரப் பங்கும் செலுத்தினர். அப்பங்கையும் தர இயலாதவர் நகரத்தாரின் வீட்டு அறைகளில் ஒதுங்கினர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் அவ்வாறு தங்குவதைத் தடை செய்தது. மாணவர் அனைவரும் அங்கீகாரம் பெற்ற இல்லங்களில் வாழ்தல் வேண்டும் என விதித்தது. ஒழுங்கைக் காப்பதே அவ்விதியின் நோக்கம். ஆனால் மிகக் குறைந்த செலவில் வாழும் வழியை அது அடைத்துவிட்டது.

ஏவல் செய்து கற்றவர்

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிகளை நாடி வந்தனர். மாணவரிடையே படிநிலைகள் தோன்றின. மிகுதியான கட்டணம் செலுத்தியோர் ஆசிரியரின் மேசையில் அமர்ந்து உண்டனர். பிறர் பொது மேசையில் உண்டனர். இவர்களுக்கெல்லாம் கீழே ஒரு பிரிவினர் இருந்தனர். ஆக்ஸ்போர்டில் செர்விட்டர் என்றும் கேம்பிரிட்ஜில் சைசர் என்றும் அவர்கள் அழைக்கப்பட்டனர். கட்டணச் சலுகைக்கு ஈடாகப் பிற மாணவருக்கு உணவு பரிமாறுதல், எழுப்பிவிடுதல், ஏவல் கேட்டல் முதலிய பணிகளை அவர்கள் செய்தனர். மற்றவர் உண்டபின் எஞ்சியதே பலருக்கு உணவாயிற்று.

1661 இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் இத்தகைய நிலையில் சேர்ந்தவர்களுள் ஒருவர் ஐசக் நியூட்டன். பேரண்டத்தின் ஈர்ப்பு விதியைப் பின்னாளில் உலகுக்கு உரைத்த அப்பேரறிஞரின் மாணவ வாழ்வு பிறருக்குப் பணிவிடை செய்யும் நிலையில் தொடங்கியது. இம்முறை ஏழைகளுக்குக் கதவைத் திறந்தது என்பது உண்மை. அக்கதவின் வழியே நுழைந்தவர் தலைகுனிந்தே செல்ல வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

ஏவல் செய்யாது கட்டணம் செலுத்தி வாழ முயன்ற ஏழையின் நிலையும் இரங்கத்தக்கதே. சாமுவேல் ஜான்சன் 1728 இல் ஆக்ஸ்போர்டின் பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். கிழிந்த காலணியின் வழியே அவருடைய கால்விரல்கள் தெரிந்தன. அதைக் கண்ட யாரோ ஒருவர் புதிய காலணிகளை அவருடைய அறைவாயிலில் வைத்துச் சென்றார். ஜான்சன் சினந்து அவற்றை வீசியெறிந்தார் என அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் கூறுகிறார். ஏறத்தாழ 13 மாதங்களில் பணமின்மையால் பட்டம் பெறாமலே அவர் வெளியேறினார். ஆங்கில மொழிக்கு அவர் தொகுத்த பேரகராதி 1755 இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆக்ஸ்போர்டு அவருக்கு முதுகலைப் பட்டம் வழங்கிப் பெருமைப்படுத்தியது. விடுதிச் செலவு தடுத்த பட்டத்தை அவர் தம் உழைப்பால் 25 ஆண்டுகளுக்குப் பின் பெற்றார். ஜான்சனைப் போன்ற ஆற்றல் வாய்க்காது, வழியிலேயே திரும்பியவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

ஒரே கட்டணம் என்னும் புதுமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் வாழ்வதற்கு ஆகும் செலவை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. மாணவன் தன் அறைக்கான தட்டுமுட்டுப் பொருள்களைத் தானே விலை கொடுத்து வாங்க வேண்டும். பணியாளருக்குத் தனியே கொடுக்க வேண்டும். தன் அறையில் நண்பருக்கு விருந்தளிக்க வேண்டும். கடைக்காரரோ கேட்டவுடன் கடன் கொடுத்தனர். பருவ முடிவில் வந்த கணக்குகள் பல குடும்பங்களைக் கலங்க வைத்தன.

இதற்கு மாற்று ஆக்ஸ்போர்டில் தோன்றவில்லை; 1832 இல் நிறுவப்பட்ட டர்ஹம் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. 1846 இல் அங்குத் திறக்கப்பட்ட ஹேட்பீல்டு விடுதியின் தலைவர் டேவிட் மெல்வில் மூன்று மாற்றங்களைச் செய்தார். தட்டுமுட்டுப் பொருள்களோடு கூடிய அறைகளை வாடகைக்கு அளித்து, பணியாளரையும் பொதுவாக்கினார். எல்லா வேளை உணவையும் அனைவரும் பொதுக்கூடத்தில் உண்ணச் செய்தார். அறைக்கும் உணவுக்கும் உரிய கட்டணத்தை முன்கூட்டியே வரையறுத்து அறிவித்தார்.

இன்று எந்தப் பல்கலைக்கழக விடுதியிலும் காணும் எளிய வழக்கங்களாகவே இவை நமக்குத் தோன்றும். ஆயின் அந்நாளில் இவை பெரும் மாற்றங்கள். கட்டணம் குறைந்தது மட்டுமன்று; கணக்கிடக் கூடியதாயிற்று. மகனை அனுப்பும் தந்தை முழுத்தொகையையும் முன்பே அறிந்து, தம்மால் இயலுமா என்று எண்ணித் துணியலாம். ஒரே வகை அறை, ஒரே வகை உணவு என்றான பின் செல்வனும் ஏழையும் அருகருகே அமர்ந்தனர். டெர்வோர்குல்லா அம்மையார் விதியால் வேண்டியதை மெல்வில் கணக்கு முறையால் நிறைவேற்றினார் எனலாம்.

ஆக்ஸ்போர்டும் மெல்ல வழிக்கு வந்தது. 1868 இல் எக்கல்லூரியிலும் சேராமல், மலிவான இடத்தில் தங்கிக் கற்க மாணவருக்கு இசைவு அளிக்கப்பட்டது. 1870 இல் சிக்கன வாழ்வை நோக்கமாகக் கொண்டு கீபிள் கல்லூரி தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அரசே பொறுப்பேற்றது. தகுதி பெற்ற மாணவரின் கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உள்ளாட்சி அமைப்புகள் உதவித்தொகை அளிக்க வேண்டும் என்று 1962 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது. அந்நிலையும் நிலைக்கவில்லை. 1998 இல் கல்விக் கட்டணம் புகுத்தப்பட்டது; உதவித்தொகையின் இடத்தைக் கடன் பற்றத் தொடங்கியது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்த பழைய பெட்டி, வேறு உருவில் திரும்பி வந்தது.

நம் மண்ணில்

நம் மண்ணில் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. தீபகற்பத்தின் பல மூலைகளிலிருந்தும் மாணவர் சிங்கப்பூருக்குச் செல்ல வேண்டியிருந்தமையால் விடுதி இன்றியமையாததாயிற்று. கோலாலம்பூர் வளாகத்தில் 1959 இல் முதலாம் தங்குமிடக் கல்லூரி தோன்றியது. டர்ஹமில் தொடங்கிய முறையே, கடல் கடந்து இங்கும் வேர்விட்டது.

அந்நாளில் தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற தமிழ் மாணவருக்கு விடுதி இருவகையில் பயன்பட்டது. படிப்பதற்கு மின்விளக்கும் மேசையும் அமைதியும் அங்குக் கிடைத்தன; பிற இனத்து மாணவரோடு ஒரு மேசையில் உண்டு பழகும் வாய்ப்பும் கிடைத்தது. இவ்விரண்டையும் தரும் விடுதியை வெறும் வாடகை அறையாகக் கருதலாகாது. அதன் கட்டணம் உயரும்போது இழக்கப்படுவது இடம் மட்டுமன்று. அதனோடு வரும் கல்வியும் ஆகும். மலேசியாவில் 1997 இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் பலருக்குக் கைகொடுத்துள்ளது. ஆயினும் கடன் கைக்கு வருமுன் செலுத்த வேண்டிய முன்பணமும் முதல் மாதச் செலவும் எளிய குடும்பங்களை இன்றும் தடுமாறச் செய்கின்றன.

ஆசிரியர்கள் ஆற்றத்தக்க பணி ஒன்றுண்டு. தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்வதுபோலவே, உயர்கல்விக்கு ஆகும் முழுச் செலவையும் பெற்றோருக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தல் வேண்டும். கல்விக் கட்டணம் ஒரு வரி. அறை, உணவு, போக்குவரத்து, முன்பணம் ஆகியவை மற்றைய வரிகள். நம் சங்கங்களும் கோயில்களும் சிறந்த மாணவருக்குப் பரிசளித்துப் பாராட்டுவது போற்றத்தக்கது. அப்பரிசில் ஒரு பகுதியை, முதற்பருவ விடுதிச் செலவுக்கென ஒதுக்கி, மாணவன் கேட்குமுன் தருவார்களாயின் அது மேலும் சிறக்கும். 1950 களில் கோ. சாரங்கபாணி அவர்கள் முன்னின்று திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு, எளிய தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடினர். தமிழுக்கு இடம் தேடிய சமுதாயம், அங்குக் கற்கச் செல்லும் பிள்ளைக்குத் தங்க இடம் தேடித் தருவதும் இயல்பே.

அறைவாயிலில் யாரோ வைத்த காலணியை ஜான்சன் வீசியெறிந்ததை மறத்தலாகாது. உதவி இரக்கமாக வந்தால் தன்மானம் அதை ஏற்காது. உரிமையாகவும் முறையாகவும் வந்தால் மாணவன் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்வான். அத்தகைய முறையை நாம் அமைப்போமாயின், மகனின் தேர்ச்சியைச் சொல்ல வரும் தந்தை, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்.